பச்சை விளக்கு எரிந்தும் ஓடாத லிங்க்: டேட்டா சென்டர் ஸ்விட்ச் போர்ட்டில் பிழை தேடும் முறை

ரேக்கில் புது சர்வர் ஏற்றியாயிற்று, கேபிள் செருகியாயிற்று, லிங்க் விளக்கு மட்டும் எரியவில்லை. இது ஒரு வகை. விளக்கு பச்சையாக எரிகிறது, பிங் போகிறது, ஆனால் இரவு பேக்கப் பாதியில் நின்றுவிடுகிறது. இது இன்னொரு வகை. முதல் வகையை அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். நாள்கணக்கில் இழுத்தடிப்பது இரண்டாவது வகைதான், ஏனென்றால் ஸ்விட்சைக் கேட்டால் அந்த போர்ட் நலமாகத்தான் இருக்கிறது என்று சொல்லும்.

இரண்டு கை தட்டினால்தான் ஓசை. வேகம், ஆட்டோ-நெகோஷியேஷன் (இரு முனைகளும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது), பிழைதிருத்த முறை (எஃப்இசி), எல்ஏசிபி (பல லிங்குகளை ஒன்றாகக் கட்டுவதற்கான பேச்சுமுறை), எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), விலான் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்) பட்டியல் என்று ஒவ்வொன்றிலும் லிங்கின் இரு முனைகளும் ஒத்துப்போக வேண்டும். போர்ட் கான்ஃபிக் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒத்துப்போகாமைதான். அதனால் ஒரு முனையின் கான்ஃபிகை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிழை கண்ணில் படாது. தனியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இருக்காது.

சிஸ்கோ நெக்ஸஸ் 9000 வகை ஸ்விட்சில், 25 கிக் (நொடிக்கு 25 கிகாபிட்) வேகத்தில் சர்வர்களும், 100 கிக் வேகத்தில் ஸ்பைன் (சர்வர்கள் செருகும் லீஃப் ஸ்விட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் நடு ஸ்விட்ச்) இணைப்புகளும் இருக்கும் சூழலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அரிஸ்டா, ஜூனிப்பர், சோனிக் என்று எதுவானாலும் கட்டளைகள்தான் மாறும், காரணங்கள் மாறாது.

கை வைப்பதற்கு முன்

போர்ட் மக்கர் பண்ணினால் உடனே 'ஷட்', 'நோ ஷட்' அடிக்கத் தோன்றும். சில நேரம் அது சரியாகவும் ஆகிவிடும். ஆனால் போர்ட் எந்த நிலையில் மாட்டிக்கொண்டிருந்தது, எல்ஏசிபி எந்தக் கட்டத்தில் நின்றது, எத்தனை நேரமாக அப்படி இருந்தது என்ற தடயங்கள் அத்தோடு கலைந்துவிடும். மறுநாள் அதே பிழை திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அதனால் முதல் ஐந்து நிமிடம் படிப்பதற்கு மட்டும். 'ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ்', அந்த போர்ட்டுக்கு மட்டுமான 'ஷோ இன்டர்ஃபேஸ்', 'ஷோ இன்டர்ஃபேஸ் டிரான்ஸீவர் டீட்டெயில்ஸ்', 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக் இன்டர்ஃபேஸ்', 'ஷோ எல்எல்டிபி நெய்பர்ஸ் டீட்டெயில்', கடைசியாக 'ஷோ லாகிங் லாக்ஃபைல்'. இவற்றின் வெளியீட்டை ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டும். மறுமுனை ஸ்விட்ச் என்றால் அங்கேயும் இதே பட்டியல். லினக்ஸ் சர்வர் என்றால் 'எத்டூல்' தரும் விவரங்களும் 'ஐபி லிங்க்' வெளியீடும் போதும்.

எண்ணிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சிஆர்சி பிழை (வழியில் கெட்டுப்போய் வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) 4,000 என்று இருந்தால், அது போன வருடம் யாரோ கேபிளைப் பாதி உருவியபோது சேர்ந்ததாகக்கூட இருக்கலாம். கடைசியாக எண்ணிக்கை அழிக்கப்பட்ட நேரம் அதே வெளியீட்டில் இருக்கும். 60 விநாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துப் பார்த்து, எண் ஏறுகிறதா என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பக்கத்துக் கருவிகள் ஒன்றுக்கொன்று தங்களை அறிவித்துக்கொள்ளும் எல்எல்டிபி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இன்டெல் எக்ஸ்710 வரிசை நெட்வொர்க் கார்டுகளின் ஃபர்ம்வேரிலேயே ஓர் எல்எல்டிபி ஏஜென்ட் இருக்கிறது. ஸ்விட்ச் அனுப்பும் எல்எல்டிபி பாக்கெட்டுகளை அது நடுவிலேயே வாங்கிக்கொள்வதால் லினக்ஸ் பக்கம் எதுவும் வராது. 'பக்கத்து ஸ்விட்ச் தெரியவில்லை' என்பதற்காக கேபிள் தவறான இடத்தில் இருக்கிறது என்று முடிவுகட்டும் முன், எத்டூலில் அந்த ஏஜென்ட்டை நிறுத்திவிட்டு, எல்எல்டிபி வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறைதான் போகும் என்பதையும் நினைவில் வைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

நிலைச் சொல் சொல்வது என்ன

ஸ்டேட்டஸ் பத்தியில் வரும் ஒற்றைச் சொல் பாதி வேலையை முடித்துவிடும். 'டிசேபிள்டு' என்றால் யாரோ ஷட் செய்திருக்கிறார்கள். டிரான்ஸீவர் இல்லை என்று வந்தால் ஆப்டிக் (ஃபைபரை போர்ட்டில் இணைக்கும் ஒளி மாட்யூல்) செருகப்படவில்லை, அல்லது முழுதாக உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை. 'நாட்கனெக்ட்' என்றால் போர்ட் தயார், ஆனால் மறுமுனையிலிருந்து ஏற்கத்தக்க சிக்னல் வரவில்லை. 'சஸ்பெண்டட்' என்று வந்தால் கேபிளைத் தொட வேண்டாம். அது பெரும்பாலும் போர்ட்-சேனல் (பல லிங்குகளை ஒன்றாகக் கட்டியது) விவகாரம்.

'எர்-டிசேபிள்டு' தனி வகை. ஸ்விட்ச் தானாகவே போர்ட்டை அடைத்திருக்கிறது, அதற்கான காரணத்தையும் பதிவு செய்திருக்கிறது. 'ஷோ இன்டர்ஃபேஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு' அடித்தால் காரணம் கிடைக்கும். சர்வருக்கான எட்ஜ் போர்ட்டில் பிபிடியூ கார்டு (வேறு ஸ்விட்சின் கட்டுப்பாட்டுப் பாக்கெட் வந்தால் போர்ட்டை அடைக்கும் காவல்) போட்டிருக்க, அங்கே யாரோ இன்னொரு ஸ்விட்சைச் செருகியது வழக்கமாகப் பார்க்கும் காரணம். லிங்க் ஓயாமல் விழுந்து எழுவதும், யூடிஎல்டி ஒருவழிப் பாதையைக் கண்டுபிடித்ததும் மற்றவை. குறிப்பிட்ட காரணத்துக்கு எர்-டிசேபிள் ரெக்கவரியை இயக்கிவிட்டால், இயல்பாக 300 விநாடிக்கு ஒருமுறை ஸ்விட்ச் போர்ட்டைத் திறந்து பார்க்கும். பிபிடியூ கார்டு காரணத்துக்கு இந்தத் தானியங்கி மீட்பைப் போடுவது தவறு என்பது எங்கள் கருத்து. ஆபத்தான இணைப்பு அங்கேயே இருக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதற்குக் கதவைத் திறந்துவிடுவதுபோல் ஆகிவிடும்.

வெளிச்சம் இருக்கிறதா?

ஃபைபர் லிங்க் எழாவிட்டால் முதலில் ஒளி அளவு. 10 கிக் எஸ்ஆர் (குறைந்த தூர) ஆப்டிக்கின் ரிசீவருக்குக் குறைந்தபட்சம் மைனஸ் 9.9 டிபிஎம் (ஒளித் திறனின் அலகு), நெடுந்தூர எல்ஆருக்கு மைனஸ் 14.4 டிபிஎம் வந்து சேர வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒளியே வரவில்லை என்று பொருள். இங்கே வாங்கும் ஒளி குறைவாகவும், மறுமுனையில் அனுப்பும் ஒளி சரியாகவும் இருந்தால் குற்றவாளி நடுவில் இருக்கிறது: பேட்ச் பேனல், அழுக்குப் படிந்த கனெக்டர், அளவுக்கு மேல் வளைந்த ஃபைபர். கியூஎஸ்எஃப்பி28 எஸ்ஆர்4 ஆப்டிக்கில் நான்கு லேன்களுக்கும் (இணையாக ஓடும் ஒளிப் பாதைகள்) தனித்தனி அளவு காட்டும். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் எம்பிஓ (பல இழைகளை ஒன்றாகச் செருகும்) கனெக்டர் முகத்தில் தூசு இருக்க வாய்ப்பு அதிகம். எம்பிஓ 12-இல் எட்டு இழைகள்தான் வேலை செய்கின்றன. முதல் நான்கும் கடைசி நான்கும் போக நடுவில் உள்ள நான்கும் சும்மா இருக்கும். எட்டில் ஒன்று மங்கினாலும் 100 கிக் முழுதாக எழாது. பேட்ச் பேனல் இல்லாமல் இரு ஆப்டிக்குகளை நேரடியாக இணைப்பதென்றால் டைப் பி போலாரிட்டி கேபிள்தான் வேண்டும். டைப் ஏ போட்டால் இரு பக்கமும் அனுப்பும் இழைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

எஃப்இசி என்ற கண்ணுக்குத் தெரியாத பிடிவாதம்

ஒளி அளவு இரு பக்கமும் கச்சிதம், வேகம் ஒன்றே, ஆனாலும் நாட்கனெக்ட். 25 கிக், 100 கிக் உலகில் இப்படி நின்றால் முதல் சந்தேகம் எஃப்இசி என்ற பிழைதிருத்த முறை மேல்தான் விழ வேண்டும். அனுப்பும் தரவோடு கூடுதல் குறியீட்டுத் துணுக்குகளைச் சேர்த்து, வழியில் கெட்டதை வாங்கும் பக்கமே திருத்திக்கொள்ளும் முறை இது. ஒரு பக்கம் அந்தக் குறியீட்டோடு அனுப்ப, மறுபக்கம் இல்லாமல் எதிர்பார்த்தால் இருவரும் பேசுவது இரண்டு வேறு மொழிகள். லிங்க் எழாது.

எது தேவை என்பதை ஆப்டிக்தான் தீர்மானிக்கிறது. 100 கிக் எஸ்ஆர்4-க்கு ரீட்-சாலமன் எஃப்இசி, அதாவது ஆர்எஸ்-எஃப்இசி கட்டாயம். பத்து கிலோமீட்டர் போகும் எல்ஆர்4-க்கு எஃப்இசி கிடையாது. எஸ்ஆர்4 இருந்த போர்ட்டில் யாரோ 'எஃப்இசி ஆர்எஸ்-எஃப்இசி' என்று கையால் எழுதி வைத்திருப்பார்கள். பிற்பாடு அதே போர்ட்டில் எல்ஆர்4 செருகினால், மறுமுனை இயல்பு நிலையில் இருக்கும் வரை லிங்க் வராது. ஆப்டிக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். 400 கிக் வந்த பிறகு இந்தக் குழப்பம் குறைந்தது. அங்கே எஃப்இசி இல்லாமல் லிங்கே கிடையாது.

25 கிக் காப்பர் கேபிளில் சிக்கல் இன்னும் ஆழம். டிஏசி (இரு முனையிலும் செருகி பொருத்தியே வரும் காப்பர்) கேபிள்களில் மூன்று தரம் உண்டு: எஃப்இசி இல்லாமலே ஓடக்கூடியது, லேசான ஃபயர்கோட் எஃப்இசி போதுமானது, ஆர்எஸ்-எஃப்இசி இல்லாமல் ஓடாதது. மூன்றாவது வகைதான் 5 மீட்டர் வரை போகும். ரேக்கின் மேலே இருக்கும் ஸ்விட்சுக்கு 1 மீட்டர் கேபிளில் நன்றாக ஓடிய அதே கான்ஃபிக், அடுத்த ரேக்குக்கு 5 மீட்டர் கேபிள் இழுத்ததும் படுத்துவிடுவது இதனால்தான்.

இதற்கும் மேல் ஒரு வரலாற்று முடிச்சு இருக்கிறது. 2014-இல் அரிஸ்டா, பிராட்காம், கூகுள், மெலனாக்ஸ், மைக்ரோசாஃப்ட் சேர்ந்து 25 கிக் கன்சார்ட்டியம் அமைத்துத் தங்கள் விவரக்குறிப்பை வெளியிட்டன. ஐஇஇஇ தரம் 2016-இல்தான் வந்தது. இரண்டிலும் ஆர்எஸ்-எஃப்இசி உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. இரு முனைகளிலும் 'ஆர்எஸ்' என்றே எழுதியிருந்தும் லிங்க் எழவில்லை என்றால் ஒரு பக்கம் கன்சார்ட்டியம் வகை, மறுபக்கம் ஐஇஇஇ வகை என்று இருக்கலாம். நெக்ஸஸில் 'ஆர்எஸ்-ஐஇஇஇ', 'ஆர்எஸ்-கான்ஸ்16' என்று இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும். சர்வர் பக்கம் 'எத்டூல் ஷோ-எஃப்இசி' கொடுத்து நடப்பு நிலையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப ஸ்விட்சை மாற்றுவது நல்லது.

காப்பர் டிஏசியில் ஆட்டோ-நெகோஷியேஷனும் சேர்ந்துகொள்கிறது. நெட்வொர்க் கார்டு அதை எதிர்பார்க்க, ஸ்விட்சில் வேகத்தைக் கையால் பூட்டியிருந்தால் நாட்கனெக்ட்தான். ஒரு கிக் ஃபைபரில் இதன் அடையாளம் வேறு: நெகோஷியேஷன் நிறுத்திய பக்கம் 'அப்', நிறுத்தாத பக்கம் 'டவுன்'. ஒரு பக்கம் மட்டும் உயிரோடிருக்கும் லிங்கைப் பார்த்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

பிரேக்அவுட் பற்றிச் சுருக்கமாக. ஒரு 100 கிக் போர்ட்டிலிருந்து நான்கு 25 கிக் வால்கள் பிரியும் கேபிளைச் செருகினால் மட்டும் போதாது, 'இன்டர்ஃபேஸ் பிரேக்அவுட்' கட்டளை வேண்டும். கொடுத்த கணமே இதர்நெட் 1/49 மறைந்து 1/49/1 முதல் 1/49/4 வரை நான்கு புது போர்ட்டுகள் வெறுமையாகத் தோன்றும். பழைய போர்ட்டில் இருந்த கான்ஃபிக் போய்விடும், முன்பே நகல் எடுத்திருக்க வேண்டும். எல்லா போர்ட்டும் பிரியாது. சில ஸ்விட்சுகளில் ஒன்றைப் பிரித்தால் பக்கத்து போர்ட் முடங்கும். 25 கிக் போர்ட்டுகளில் பல மாடல்கள் நான்கு நான்காகக் குழு சேர்த்து ஒரே வேகத்தில்தான் ஓடவிடும். ஒன்றை 10 கிக்குக்கு மாற்றியதும் மற்ற மூன்று சர்வர்கள் சேர்ந்து விழுந்தால் திகைக்க வேண்டாம், அந்த மாடலின் போர்ட் குழு அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

பாதிப் பேர் மட்டும் போய்ச்சேரும் போர்ட்-சேனல்

'ஷோ போர்ட்-சேனல் சம்மரி'யில் உறுப்பினர் போர்ட்டுக்குப் பக்கத்தில் பெரிய பி எழுத்து இருந்தால் நலம். சிறிய எஸ் இருந்தால் சஸ்பெண்டட், பெரிய ஐ இருந்தால் சேனலில் சேராமல் தனியாக நிற்கிறது. இரு பக்கமும் 'பாஸிவ்' என்றால் யாரும் முதலில் பேசமாட்டார்கள், சேனல் உருவாகவே உருவாகாது. ஒரு பக்கமாவது 'ஆக்டிவ்' வேண்டும்.

சர்வர்களோடு சேனல் அமைக்கும்போது மூன்று பொறிகள் உண்டு. முதலாவது விஎம்வேர். அதன் சாதாரண வி-ஸ்விட்சுக்கு எல்ஏசிபி தெரியாது. ஐபி ஹேஷ் (முகவரிகளைக் கணக்கிட்டு எந்த லிங்க் என்று தேர்வது) அமைப்போடு ஸ்டாட்டிக் சேனல்தான் அதற்குச் சரிவரும். எல்ஏசிபி வேண்டுமென்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் தேவை. இது தெரியாமல் ஸ்விட்சில் 'ஆக்டிவ்' போட்டால் இரண்டு போர்ட்டும் சஸ்பெண்டட் ஆகும்.

இரண்டாவது பொறி மோசமானது. ஸ்விட்சில் 'மோட் ஆன்', அதாவது பேச்சுவார்த்தையே இல்லாத ஸ்டாட்டிக் சேனல். லினக்ஸ் பக்கம் ஆக்டிவ்-பேக்கப் பாண்டிங், அதாவது ஒரு லிங்க் ஓட மற்றது காத்திருப்பது. ஸ்விட்ச் இரண்டு லிங்கும் தன்னுடையது என்று நினைத்து ட்ராஃபிக்கைப் பிரித்து அனுப்பும். சர்வர் ஒன்றில் மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதில் வருவதைக் கீழே போட்டுவிடும். விளக்கு இரண்டும் பச்சை. ஒரு கிளையன்டிலிருந்து எப்போதும் போகும், பக்கத்து மேசைக் கிளையன்டிலிருந்து எப்போதும் போகாது. யார் எந்த லிங்கில் விழுவார்கள் என்பதை முகவரிகளின் ஹேஷ் முடிவு செய்வதால் இந்தப் பாகுபாடு மாறாமல் நிற்கும். 'சிலருக்கு மட்டும், ஆனால் அவர்களுக்கு எப்போதும்' என்ற புகார் வந்தால் ஃபயர்வாலைக் கிளறும் முன் இதைப் பாருங்கள். இந்தக் காரணத்துக்காகவே சர்வர்களுக்கு ஸ்டாட்டிக் சேனல் போடுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். ஒத்துப்போகாதபோது எல்ஏசிபி லிங்கை நிறுத்தி நமக்குக் காட்டிக்கொடுக்கும், ஸ்டாட்டிக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாவது, புது சர்வர் நெட்வொர்க் வழியாக பூட் ஆகும்போது வருவது. இயங்குதளம் ஏறும் முன் எல்ஏசிபி பேச ஆளில்லை. நெக்ஸஸ் இயல்பாகவே அந்த போர்ட்டை சஸ்பெண்ட் செய்யும், அதனால் அந்த நெட்வொர்க் பூட் (பிஎக்ஸ்இ) தோற்கும். போர்ட்-சேனலில் 'நோ எல்ஏசிபி சஸ்பெண்ட்-இன்டிவிஜுவல்' கொடுத்தால், எல்ஏசிபி வரும் வரை போர்ட் தனியாக வேலை செய்யும்.

பெரிய பாக்கெட் மட்டும் காணாமல் போவது

எஸ்எஸ்ஹெச் உள்ளே போகிறது, ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் உறைந்துவிடுகிறது. ஓஎஸ்பிஎஃப் (பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ரூட்டிங் முறை) நெய்பர் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நிற்கிறது. இரண்டும் எம்டியூ பொருந்தாமையின் முத்திரைகள். விஎக்ஸ்லான் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் முறை) ஓடும் ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு பாக்கெட்டும் 50 பைட் கனம் ஏறும்: வெளி இதர்நெட் தலைப்பு 14, ஐபி 20, யூடிபி 8, விஎக்ஸ்லான் 8. சர்வர் 1500 அனுப்பினால் அடித்தளத்தில் குறைந்தது 1550 தாங்க வேண்டும். அதனால்தான் லீஃப்-ஸ்பைன் லிங்குகள் அனைத்திலும் 9216, சர்வர்களில் 9000 என்று வைப்பது வழக்கம்.

சோதிக்க, லினக்ஸ் பிங்கில் 'துண்டாக்காதே' கொடியைப் போட்டு 8972 பைட் அனுப்ப வேண்டும். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்து சரியாக 9000 வரும். 8972 போகாமல் 1472 மட்டும் போனால் வழியில் எங்கோ ஒரு போர்ட் 1500-இலேயே நிற்கிறது. ஒரு முறை போவதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஸ்பைன்கள் நான்கு இருந்து ஒன்றின் போர்ட்டில் மட்டும் எம்டியூ விடுபட்டிருந்தால், எந்த ஸ்பைன் வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு முடிவு வரும். எல்லா ஸ்பைன் போர்ட்டுகளின் எம்டியூவையும் ஒரே பட்டியலாக எடுத்து ஒப்பிடுவதுதான் உறுதியான வழி.

சிஆர்சி எண்ணிக்கையும் ஏமாற்றும். நெக்ஸஸ் 9000 இயல்பாகக் கட்-த்ரூ முறையில் ஓடுகிறது, அதாவது பாக்கெட்டின் தலை வந்ததுமே வெளியே அனுப்பத் தொடங்கிவிடும். சரிபார்ப்பு எண்ணோ வாலில் இருக்கிறது. பாக்கெட் கெட்டது என்று தெரியும்போது அதன் பாதி ஏற்கெனவே அடுத்த ஸ்விட்சுக்குப் போயிருக்கும். அதனால் ஒரு ஸ்பைன் லிங்கில் கெட்ட பாக்கெட் ஸ்பைன், லீஃப் என்று தாண்டி சர்வர் வரை போய், வழியெங்கும் சிஆர்சி எண்ணை ஏற்றும். பத்து போர்ட்டில் பிழை தெரிந்தால் பத்து கேபிளையும் மாற்ற வேண்டாம். பிழை உள்ளே நுழையும் திசையில் ஒவ்வொரு ஸ்விட்சாகப் பின்னோக்கிப் போனால், வெளியே அனுப்பும் பக்கம் சுத்தமாகவும் வாங்கும் பக்கம் அழுக்காகவும் இருக்கும் ஒரே ஒரு லிங்க் கிடைக்கும். மாற்ற வேண்டிய கேபிளோ ஆப்டிக்கோ அங்கேதான் இருக்கிறது.

'ஆட்' என்ற ஒரு சொல்

போர்ட் கான்ஃபிகில் ஒரே சொல் விடுபட்டு அதிகச் சேதம் விளைவிப்பது ட்ரங்க் (பல விலான்களைச் சுமக்கும் லிங்க்) விலான் பட்டியல். இதர்நெட் 1/53 வழியாக 10, 20, 30, 110 ஆகிய விலான்கள் போகின்றன. புதிதாக 230 சேர்க்க வேண்டும். 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலௌட் விலான் 230' என்று அடித்து என்டர் தட்டினால், பட்டியலில் 230 சேராது, பட்டியலே 230 மட்டும் என்று ஆகிவிடும். மற்ற நான்கும் அந்த நொடியில் அறுந்துபோகும். மேலாண்மை விலானும் அதே ட்ரங்க்கில் வந்துகொண்டிருந்தால் அடித்தவரின் எஸ்எஸ்ஹெச் திரையும் உறைந்துவிடும், திருத்தக்கூட வழியிருக்காது. சரியான கட்டளையில் 'விலான்' என்பதற்கும் எண்ணுக்கும் நடுவில் 'ஆட்' என்ற சொல் இருக்கிறது.

சேர்த்த பிறகும் 230 போகவில்லை என்றால் 'ஷோ இன்டர்ஃபேஸ் ட்ரங்க்' பாருங்கள். அனுமதிக்கப்பட்டவை, ஸ்பானிங் ட்ரீயில் (நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் முறை) ஃபார்வர்டிங் ஆகுபவை என்று தனித்தனிப் பட்டியல்கள் அதில் இருக்கும். அனுமதிப் பட்டியலில் இருந்து ஃபார்வர்டிங் பட்டியலில் இல்லை என்றால், அந்த விலான் ஸ்விட்சிலேயே உருவாக்கப்படவில்லை என்பது அடிக்கடி காணும் காரணம். ஸ்விட்சுகளுக்கு நடுவிலான போர்ட்டில் ஒரு பக்கம் மட்டும் ஸ்பானிங் ட்ரீ 'போர்ட் டைப் நெட்வொர்க்' போட்டிருந்தால் பிரிட்ஜ் அஷூரன்ஸ் அந்த போர்ட்டைத் தடுத்துவிடும். நேட்டிவ் விலான் (விலான் எண் குறியிடாத பாக்கெட்டுகள் சேரும் விலான்) இரு பக்கமும் வேறாக இருந்தால் சிடிபி லாக்கில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். ட்ராஃபிக் ஓடுகிறதே என்று அதைப் புறக்கணிக்க வேண்டாம், இரண்டு விலான்கள் கலந்துகொண்டிருக்கின்றன.

இத்தகைய மாற்றங்களுக்கு முன் நெக்ஸஸில் 'செக்பாயின்ட்' ஒன்று எடுத்துக்கொண்டால், 'ரோல்பேக்' கட்டளையால் பழைய நிலைக்குப் போகலாம். ஜூனிப்பரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' போட்டால், 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அதுவாகவே திரும்பிவிடும். அரிஸ்டாவில் கான்ஃபிக் செஷனுக்குக் கமிட் டைமர் வைக்கலாம். நெக்ஸஸ் ரோல்பேக்குக்கு யாராவது உள்ளே போய்க் கட்டளை கொடுக்க வேண்டியிருப்பதால், தனி மேலாண்மை போர்ட்டோ கன்சோலோ கைவசம் திறந்திருக்க வேண்டும்.

மாற்றம் முடிந்ததும் உடனே சேமிக்க வேண்டாம். எண்ணிக்கைகளை அழித்துவிட்டு, உண்மையான ட்ராஃபிக் ஓடும் நிலையில் 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். சிஆர்சி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எஃப்இசி திருத்திய பிழைகளின் எண் ஏறலாம், அது அதன் வேலை. திருத்த முடியாதவை ஒன்றுகூட ஏறக் கூடாது. சேனலில் எல்லா உறுப்பினரும் பி எழுத்தோடு இருக்க வேண்டும், 8972 பிங் போக வேண்டும். இவை தேறிய பிறகு இரு முனைகளிலும் டிஸ்கிரிப்ஷன் வரியில் மறுமுனையின் பெயரையும் போர்ட் எண்ணையும் எழுதி, அதன் பின் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்'.